பன்னிரண்டாம் அடைப்பின் கழனித்தண்ணி

எங்கள் அண்ணியின் இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரு கோடு ஓடும். ரேகை இல்லை, வாளிப் பிடி அழுத்தி அழுத்தி விழுந்த தடம். அம்மா கண்ணை மூடியபோது அவருக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நான்கு. தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வீடு வீடாகச் சுமந்து கொடுத்தே தம்பியை ஆளாக்கினார். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். வரன் வந்தபோதெல்லாம் "தம்பி கொஞ்சம் பெருசாகட்டும்" என்று தள்ளிப் போட்டார் அண்ணி. தம்பி பெரிதாகி, மீசை வைத்து, என்னைக் கட்டிக்கொண்டு, தலைமுடியும் கொட்டிப் போன பிறகு வரன் வருவது தானாக நின்றுவிட்டது.

தண்ணீர் சுமந்து வளர்ந்தவர் என்பதால் ஒரு சொட்டைக்கூடக் கீழே கொட்ட அவருக்குக் கை வராது. முகம் கழுவின தண்ணீர் செடிக்குப் போகும். அரிசி கழுவினது, பாத்திரம் அலசினது எல்லாம் எங்கள் வீட்டில் கழனித்தண்ணிதான். அதை ஒரு பானையில் சேர்த்து வைத்துப் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு ஊற்றிவிட்டு வருவார். நான் வந்த புதிதில் ஒரு நாள் பருப்புச் சட்டி அலசின தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அண்ணி திட்டவில்லை. சாக்கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நானும் கொட்டியதில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். பன்றிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற பண்ணை அது. வீட்டுக்காரர் தீவனம் கலக்கிறவர். நான் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள். அண்ணி பத்தொன்பது வருடமாகக் குட்டிகளுக்குத் தீனி வைக்கிறார். அங்கே அவரை எல்லாரும் வாளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு அடைப்பின் கதவையும் திறக்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடி, "ஆண்டவா, இதுங்க வயிறு குளிரணும்" என்பார்.

"பன்னிக்கெல்லாம் சாமி கும்பிடுறியே அக்கா?" என்று வாசல் காவலாளி கிண்டல் செய்வார்.

"வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா. உனக்கும் சேத்துத்தான் கும்பிடுறேன், நீயும் இந்த வாசலுக்குள்ளதானே இருக்க."

அந்த வருடம் டாக்டரம்மா ஒரு சோதனை தொடங்கினார். சின்ன வயசு, மெலிந்த உடம்பு, கண்ணாடி போட்டவர். சோறு தண்ணி மறந்து வேலை செய்கிற பிள்ளை. தாயிடம் பால் மறந்த குட்டிகளாக நாற்பத்தெட்டைப் பொறுக்கி, அடைப்புக்கு நான்கு என்று பன்னிரண்டு அடைப்பில் விட்டார். கொட்டகையின் நடுவே நடைபாதை. இடது பக்கம் ஒன்று முதல் ஆறு, வலது பக்கம் ஏழு முதல் பன்னிரண்டு. எல்லாருக்கும் ஒரே தீவனம். ஆனால் இடது பக்கத்துக்குத் தண்ணீருக்குப் பதில் தெளிவு.

தெளிவு என்பது, பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற நீர். வெளிறின பச்சை நிறத்தில், லேசான இனிப்பும் புளிப்புமாக இருக்கும். டாக்டரம்மாவின் தாளில் அதற்கு வேறு பெயர். எங்களுக்கு அது தெளிவு. காலையில் ஆலை வண்டி பெரிய பெரிய கேன்களில் கொண்டுவந்து இறக்கும். அந்தப் பெயரை வைத்து அக்காவும் தம்பியும் தினமும் ஒரு சண்டை போடுவார்கள்.

"என்ன அக்கா, தெளிவு வந்தாச்சா?"

"பன்னிக்கு வந்துடுச்சு தம்பி. உனக்குத்தான் இன்னும் வரல."

எதற்காக இந்தச் சோதனை என்று அண்ணி ஒரு நாள் கேட்டார். டாக்டரம்மா ஒரு தீவன மூட்டை மேல் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "ஈரல் ஒரு சமையல்கட்டு மாதிரின்னு வெச்சுக்குங்க வாளியக்கா. அங்க வேலை செய்யற ஆளுங்களுக்கு என்சைம்னு பேரு. சாப்பாடு மாறினா அந்த ஆளுங்க கூடுவாங்க, குறைவாங்க. தெளிவு குடிக்கற குட்டிக்கு எப்படி மாறுதுன்னு பாக்கணும்."

"ஈரல அறுக்காம எப்படிப் பாப்பீங்க?"

"அதுக்குத்தான் ரத்தம் எடுக்கறோம். சமையல்கட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாக்கற மாதிரி."

அண்ணிக்கு அது பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து ரத்தம் எடுக்கும் நாளில் குட்டியைப் பிடித்துக்கொண்டு, "அசையாத கண்ணு, டாக்டரம்மா உன் அடுப்படிய எட்டிப் பாக்கறாங்க" என்று காதில் சொல்வார்.

நான்காவது முறை ரத்தம் எடுத்த அடுத்த திங்கட்கிழமை வந்தது வினை. நான் குழாய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வேறு தாள். பிறகு முதல் தாளே மறுபடி. அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அண்ணியைக் கூப்பிடச் சொன்னார். அப்போது என் வீட்டுக்காரரும் மூட்டைச் சீட்டு கொடுக்க அங்கே வந்து நின்றார்.

"வாளியக்கா, பன்னிரண்டாம் அடைப்புக்குத் தெளிவு ஊத்தினீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. ஆறு வரைக்கும் தெளிவு, ஏழுல இருந்து தண்ணி. நீங்க சொன்னபடிதான்."

"என்னிக்காவது மறந்து போய்?"

"மறக்கல."

"பாவம் பாத்து ஒரு வாய்?"

"பாவம் பாத்தா அந்தப் பக்கம் இருபத்தி நாலையும்தானே பாக்கணும்? அதுல நாலு மட்டும் என் சொந்தமா?"

டாக்டரம்மா தாளை மேசையில் வைத்தார். "ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. பன்னிரண்டு மட்டும் பாதி தூரம் தெளிவு குடிச்ச பக்கம் போயிருக்கு. ஒரு குட்டி இல்ல, நாலும். நாலு குட்டியோட ஈரலும் சேந்து தப்பா சொல்லுமா?"

அண்ணிக்கு என்ன தோன்றிற்றோ, சட்டென்று தம்பியின் தலையில் கையை வைத்தார். "இதோ, நான் வளத்த பிள்ள தலை மேல சத்தியம். பன்னிரண்டாம் அடைப்புக்கு ஒரு சொட்டுத் தெளிவு நான் குடுக்கல. நான் குடுத்தது தண்ணி. தண்ணி மட்டும்தான்."

"அக்கா, பாத்து. வழுக்கத் தலை. சத்தியம் நழுவிடப் போகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அண்ணியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"வாளியக்கா பொய் சொல்ல மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். அப்ப தீவனத்துலதான் கோளாறு."

நான் துடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தேன். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு அடைப்புக்கும் தனித்தனி மூட்டை. வாரத்துக்கு ஒரு முறை கலந்து, நம்பர் போட்டுக் கட்டி வைப்பது இவர் வேலை. பன்னிரண்டு கடைசி மூட்டை. அதே அறையில், இன்னும் சின்னக் குட்டிகளுக்கான பால்மாவுத் தீவனமும் இருக்கும். கடைசி மூட்டைக்குக் கலவை பற்றாமல் பால்மாவு மூட்டையிலிருந்து இரண்டு அள்ளு அள்ளிப் போட்டு நிரப்பியிருப்பார் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. முந்தின வருடம் இவர் கவனமில்லாமல் உப்பை இரண்டு தரம் கலந்துவிட்டார். குட்டிகள் நாள் முழுக்கத் தண்ணீர் தண்ணீரென்று கத்தின. அதற்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டாவது கடிதம் வந்தால் ஆள் வெளியே போக வேண்டியதுதான். அது அந்தப் பண்ணையின் சட்டம்.

அந்த வாரத்து மூட்டையைச் சோதித்துப் பார்க்கலாமென்றால் அது காலியாகி உதறிப் போட்டாயிற்று. "பெரிய டாக்டர் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரிப்பார்" என்று மட்டும் சொன்னார் டாக்டரம்மா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஏற்பாடு தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு வருட உழைப்பு அவருக்கு.

செவ்வாயும் புதனும் டாக்டரம்மா இரண்டு வேளையும் கொட்டகையில் வந்து நின்றார். அண்ணி ஆறு அடைப்புக்குத் தெளிவும் ஆறு அடைப்புக்குத் தண்ணீரும் ஊற்றும் வரை கையில் தாளோடு பார்த்தார். கடைசி வாளி கவிழ்ந்ததும் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பிசகும் இல்லை. பிசகில்லை என்பது அண்ணிக்கு நல்லது, தம்பிக்குக் கெட்டது.

புதன் மாலை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் அள்ளிப் போடல. ஆண்டவன் சத்தியமா போடல."

"நீ சத்தியம் பண்ணாத தம்பி. எனக்குத் தெரியும்."

"நீ ஊத்தல. நான் கலக்கல. அப்ப பன்னிதான் பொய் சொல்லுதா?"

அண்ணி தண்ணீர்ச் செம்பை எடுத்தவர் அப்படியே வைத்தார். "பன்னிக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி" என்றார். எழுந்து போய்ச் சாமி படத்தின் முன் உட்கார்ந்து கண்ணை மூடியவர், நான் பாத்திரம் தேய்த்து முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. தம்பிக்காகத்தான் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் சொன்னார். "எனக்குத் தெரியாம என் கையால ஏதாவது நடந்திருந்தா, அத எனக்குக் காட்டு" என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை காலை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் தீனி பத்து மணிக்குத் தள்ளிப் போயிற்று. இவரைப் பத்தே முக்காலுக்கே அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் கூப்பிட்டுச் சொன்னதும் நடந்துகொண்டே சரி செய்தார். எனக்கு மனசு தாங்கவில்லை. அண்ணியிடம் சொல்லலாமென்று கொட்டகைக்கு ஓடினேன்.

தீனி முடிந்திருந்தது. இடது பக்கத்துக் குட்டிகள் தெளிவு குடித்த மயக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வலது பக்கத்தில் ஏழும் எட்டும் மூக்கால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தன. கொட்டகையின் கோடியில், பன்னிரண்டாம் அடைப்பை ஒட்டி ஒரு குழாய் உண்டு. அண்ணி அங்கே குனிந்து தெளிவுக் கேனுக்குள் இரண்டு குவளைத் தண்ணீர் விட்டார். கேனைச் சாய்த்துச் சுற்றி அலசினார். அடியில் தங்கும் வெள்ளைக் கசடு சளக் சளக்கென்று புரண்டது.

"அண்ணி, அவரக் கூப்பிட்டுட்டாங்க" என்றேன்.

அண்ணி கேனைப் பிடித்தபடி பன்னிரண்டாம் அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

நான்கு குட்டிகளும் எழுந்து நின்றன. நின்றது மட்டுமில்லை. தண்ணீர்த் தொட்டியில் முன்னங்காலை வைத்து, மூக்கைத் தூக்கி, வீல் வீலென்று கத்தின. வால் அறுந்த சின்னக்குட்டி மற்றதன் முதுகில் ஏறி நின்றது. பக்கத்திலிருந்த பதினொன்றாம் அடைப்பில் ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை.

"ஏம்மா," என்றார் அண்ணி. "தண்ணிக்கு யாராவது இப்படி எழுந்து நிப்பாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணி கேனுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிக்குது."

பிறகுதான் எனக்கும் உறைத்தது. இரண்டு வேளையும் கேனை அலசுவார். அலசின கழனித்தண்ணியைக் கீழே கொட்டக் கை வராது. குழாய்க்குப் பக்கத்திலிருக்கும் தொட்டியில் ஊற்றிவிடுவார். அது பன்னிரண்டாம் அடைப்பின் தொட்டி. தாளில் அந்த அடைப்புக்கு நேரே தண்ணீர் என்றுதான் எழுதியிருக்கிறது. கழனித்தண்ணியும் தண்ணிதானே? அப்படித்தான் அவர் கைக்குத் தெரியும். அப்படித்தான் என் கைக்கும் தெரியும். நானே அவர் ஊற்றுவதை நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. யோசித்து ஊற்றினால்தானே நினைவிலிருக்கும்?

"தம்பி தலையில கை வெச்சேனே" என்றார் அண்ணி. "அவன் தலையில வெச்சேனே பொண்ணே." அடுத்த நொடி கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். கேனிலிருந்து சொட்டுச் சொட்டாக வழி முழுக்கச் சிந்திற்று. அன்றைக்கு அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலக அறையில் பெரிய டாக்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நரைத்த தலை, அதிர்ந்து பேசாதவர். டாக்டரம்மா பக்கத்தில். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேசையில் அந்த இரண்டாவது கடிதமும் அதன் மேல் ஒரு பேனாவும் இருந்தன. இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அண்ணி கேனைத் தரையில் வைத்தார். "ஐயா, நான்தான் குடுத்தேன். தம்பி இல்ல."

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா குடுத்தீங்க?"

"கழனித்தண்ணி. தெளிவுக் கேன அலசினது. தினம் ரெண்டு வேளை. பன்னிரண்டாம் தொட்டியில ஊத்தினேன்."

"திங்கக்கிழமை தம்பி தலையில கை வெச்சு ஒரு சொட்டுகூடக் குடுக்கலன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன் ஐயா. அப்ப எனக்கு அது தெளிவுன்னு தெரியாது. தண்ணின்னு நெனச்சேன்."

பெரிய டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அம்மா, நீங்க இவர எப்படி வளத்தீங்கன்னு எனக்குத் தெரியும். இவர் வேலை போகப் போகுதுன்னதும் ஓடி வந்து ஒரு கத சொல்றீங்க. நான் உங்க இடத்துல இருந்தாலும் சொல்லுவேன். ரெண்டு நாள் பக்கத்துலயே நின்னு பாத்தாங்களே, அப்ப ஏன் ஊத்தல?"

"ஊத்தினேனே ஐயா! அவங்க போன பிறகுதானே கேன் கழுவுவேன்?"

"நீ சும்மா இரு அக்கா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரைக் காப்பாற்ற அக்கா பொய் சொல்கிறார் என்றே நினைத்துவிட்டார். "ஐயா, அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டுடறேன்." பேனாவை எடுத்தார்.

"வை தம்பி அத!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் கதவருகே நின்ற நான் துள்ளிவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் குரலை அந்த அறை கேட்டதில்லை. "ஐயா, என் வார்த்தைய நீங்க நம்ப வேணாம். நான் ஒரு தரம் சத்தியம் பண்ணித் தோத்தவ. பன்னியக் கேளுங்க. அதுங்களுக்குப் பொய் தெரியாது. கேன அலசற சத்தம் கேட்டா எது எழுந்து நிக்குதுன்னு வந்து பாருங்க."

பெரிய டாக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா ஏற்கெனவே எழுந்துவிட்டார்.

கொட்டகைக்குள் ஐந்து பேரும் சத்தமில்லாமல் நடந்தோம். குட்டிகள் தூங்கிவிட்டிருந்தன. பன்னிரண்டாம் அடைப்பில் நான்கும் மூலையில் குவியலாகக் கிடந்தன. இப்போது எழுந்திருக்காவிட்டால்? புது ஆட்களைப் பார்த்துப் பயந்து கிடந்துவிட்டால்? அண்ணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"குழாய்க்குப் பக்கத்துல இருக்கற அடைப்பு" என்றார் பெரிய டாக்டர் மெதுவாக. "எந்தத் தண்ணிச் சத்தம் கேட்டாலும் எழுந்திருக்குமே?"

"அப்ப முதல்ல வெறும் வாளியில பிடிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

அவரே வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் தடதடவென்று விழுந்தது. வாளி பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. பன்னிரண்டில் ஒரு காது மட்டும் ஆடிற்று. ஒன்றும் எழவில்லை. குழாயை மூடினார்.

"இப்ப கேன்."

அண்ணி கேனைத் தூக்கி வைத்தார். குவளையில் தண்ணீர் மோந்து உள்ளே விட்டார். ஒரு குவளை. இரண்டு குவளை. கேனைச் சாய்த்துச் சுற்றினார். சளக்.

ஒன்றும் அசையவில்லை.

சளக், சளக்.

வால் அறுந்த குட்டி கண்ணைத் திறந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அது எழுந்து இரண்டடி வந்து நின்றது. அண்ணி மூன்றாவது தரம் கேனைச் சுற்றினார். அவ்வளவுதான். வீலென்று ஒரு கத்தல். மூலையிலிருந்து மற்ற மூன்றும் உருண்டு புரண்டு எழுந்து ஓடிவந்து, நான்கும் தொட்டியில் காலை வைத்து மூக்கைத் தூக்கின. பதினொன்று தூங்கிற்று. பத்து தூங்கிற்று. ஒன்பதில் ஒன்று புரண்டு படுத்தது.

பெரிய டாக்டர் மடித்துக் கையில் வைத்திருந்த கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "சாட்சி நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அக்காவின் கையிலிருந்த கேனை வாங்கிக் கீழே வைத்தார்.

டாக்டரம்மா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. தாளைப் பார்த்தபடி, "தண்ணின்னு நான்தான் எழுதினேன்" என்றார். "எந்தத் தண்ணின்னு எழுதல. கேன் கழுவறதையும் நின்னு பாக்கல." பிறகு பேனாவை எடுத்துப் பன்னிரண்டாம் வரியின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோடு அவருக்கு எவ்வளவு வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. நான்கு குட்டிகளின் மூன்று மாதம் அதோடு போயிற்று.

"டாக்டரம்மா," என்றார் அண்ணி தயங்கித் தயங்கி. குட்டிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. "இப்ப இத என்ன செய்ய? கொட்டணுமா?"

டாக்டரம்மா கேனைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். "இதுங்க இனிமே சோதனையில இல்ல வாளியக்கா. ஊத்துங்க. ஆனா நாளையில இருந்து அளந்து ஊத்துங்க, அளவ என்கிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

மறுநாள் அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. அது அவருக்கு முதல் கடிதம். வீட்டில் இவர்தான் வாசித்துக் காட்டினார். "சொன்ன முறைக்கு மாறாக, தெளிவுக் கேன் அலசிய நீரைத் தண்ணீர் எனக் கருதி" என்று இருந்த இடத்தில் நிறுத்தி, "உனக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. இனிமே ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம் அக்கா" என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. "நான் உன் தலையில வெச்சது பொய்ச் சத்தியம் ஆயிடுச்சு தம்பி. அது உன்ன ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு நான் ஆண்டவன்கிட்டக் கேட்டிருக்கேன்."

"என்ன செய்யும்? முடி கொட்டுமா? அது எப்பவோ போச்சு." அவர் தலையைக் குனிந்து அக்காவின் முன்னால் காட்டினார். "வேணும்னா பாத்துக்க. எல்லாம் அப்படியே இருக்கு."

அண்ணி கையை நீட்டினார். கை அந்தத் தலைக்கு மேலே அப்படியே நின்றது. தலையில் அன்றைக்குக் கலந்த தீவனத்தின் மாவு லேசாகப் படிந்திருந்தது. பிறகு முந்தானை நுனியை எடுத்து, வாளித் தடம் ஓடிய அந்தக் கையால், அதை மெல்லத் துடைத்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணி யார் தலையிலும் கை வைத்துச் சத்தியம் செய்ததில்லை. ஆனால் இன்றைக்கும் பண்ணையில் யாராவது "வாளியக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றால், குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று கேட்பார்: "எந்தத் தண்ணிப்பா?"